ஊருக்குப் போக முடியாத விடுமுறையில் வெட்டிவேர் நீர்

ஊர்ப்பக்கம் செல்லும் ரயில்களுக்கு 60 நாட்களுக்கு முன்பே பதிவு தொடங்கியும், மும்பையில் நம்மவர் பலருக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சுகிறது. அவ்வாறு வீட்டிலேயே தங்க நேர்ந்த நாளில், உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்; மனம் எளிதில் இணங்காது என்றாலும், இதைச் செய்யாமல் ஓய்வு என்பதே இல்லை.

மாட்டுங்காவின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெட்டிவேரில் ஒரு கைப்பிடி எடுத்து, மண் போக அலசி, கொதித்த நீரில் பத்து நிமிடம் மூடி வைத்தால், நீர் இளம்பழுப்பாக மாறி, மழை நனைத்த மண்ணின் மணம் அறையெங்கும் எழும்பும். அதனை அகன்ற வாளியில் ஊற்றி, முழங்கையால் தொட்டால் இதமாகத் தோன்றும் அளவுக்கு, ஏறத்தாழ 40 டிகிரிக்கு, தண்ணீர் கலந்து, கணுக்கால் மூழ்கக் கால் மணி நேரம் அமருங்கள். வெதுவெதுப்பில் பாதத்தின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் தோல் வழியே வெளியேறுவதால் உறக்கம் எளிதில் வரும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை அறிய முடியாது என்பதால், அவர்கள் இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பயன்படுத்திய வேரை நன்கு உலர்த்திப் புடவை அலமாரியில் வைக்கலாம்.