டின் இலக்கத்தில் இரண்டு எண்

வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கம்பனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். மென்பொருள் செய்துதந்த தம்பி கோல் எடுத்தார்: "அண்ணே, பிடிச்ச வரி என்ட பேரில காட்டேல்லயே?"

அவருக்குக் கொடுத்த கட்டணம் மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் போனதால் அதிலிருந்து 5 வீத நிறுத்திவைத்தல் வரி கழித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்டியும் ஆயிற்று. வவுச்சரையும், யாரிடம் எவ்வளவு வரி பிடித்தோம் என்று காட்டும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவருடைய டின் இலக்கத்தின் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) கடைசி இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. வட்சப்பில் அவர் அனுப்பியதே அப்படித்தான்!

திருத்திய அட்டவணை, வங்கிச் சீட்டு, விளக்கக் கடிதம் மூன்றையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்தேன். வரி பிடித்ததற்கு அவருக்குக் கொடுத்திருந்த பழைய சான்றிதழைத் திரும்ப வாங்கிய பிறகே புதியதைக் கொடுத்தேன். இரண்டும் வெளியே திரிந்தால் பிறகு தலையிடிதான். இப்போதெல்லாம் டின் சான்றிதழின் பிரதி கைக்கு வராமல் காசோலை எழுதுவதில்லை.