கென்னடி கொலையும் சதிக் கதைகளும்: படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

1963 நவம்பர் 22, பகல் 12.30 மணி. டல்லாஸ் நகரில் திறந்த காரில் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். டெக்சாஸ் பள்ளிப் புத்தகக் கிடங்கின் ஆறாவது தளத்திலிருந்து லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்ற 24 வயது இளைஞர் தனியாளாகச் சுட்டார் என்று, கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் ஆணையம் அடுத்த ஆண்டு சொன்னது. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 2023-இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பிலும் 65 சதவீதம் பேர் வேறு ஆட்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., மாஃபியா, கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோ, துணை அதிபராக இருந்த ஜான்சன் என்று பட்டியல் நீளும்.

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஒரு நாட்டின் தலைவரைப் பட்டப்பகலில் கொன்றிருக்கிறார்கள், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அரசு சொன்னதைத் துருவித் துருவிப் பார்க்கிற நாம், அதற்கு மாற்றாக வரும் கதையைக் கேள்வியே கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன.

உதாரணத்துக்கு 'மாயத் தோட்டா'. கென்னடியின் முதுகில் நுழைந்து தொண்டை வழியாக வெளியேறிய தோட்டாதான் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியின் முதுகு, மார்பு, மணிக்கட்டு, தொடை என்று எல்லாவற்றையும் காயப்படுத்தியது என்கிறது ஆணையம். இதைக் கிண்டல் செய்யும் வரைபடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டா நடுவானில் வலது பக்கம் திரும்பி, பிறகு இடது பக்கம் திரும்பிப் போகும். பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் அந்தப் படத்தில் கானலி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் இருப்பார். உண்மையில் அவர் உட்கார்ந்தது ஒரு மடக்கு இருக்கையில். அது கார்க் கதவிலிருந்து சுமார் 6 அங்குலம் உள்ளே தள்ளி, பின் இருக்கையைவிடத் தாழ்வாக இருந்தது. போதாததற்கு அவர் உடம்பை வலது பக்கம் திருப்பியும் இருந்தார். இருக்கையைச் சரியான இடத்தில் வைத்து வரைந்தால் தோட்டா திரும்ப வேண்டியதே இல்லை, பாதை நேராகிவிடும்.

அந்தத் தோட்டாவில் கீறல்கூட இல்லை என்பதும் அப்படித்தான். பரவலாகச் சுற்றும் படம் பக்கவாட்டில் எடுத்தது. அடிப்பக்கத்திலிருந்து எடுத்த படமும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் தோட்டா நசுங்கி, ஈயம் வெளியே பிதுங்கியிருப்பது தெரிகிறது. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தன்னைத் தாக்கியது வேறு தோட்டா என்று கானலியே கடைசிவரை சொன்னார். அவர் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவரே இரண்டாவது ஆள் சுட்டதாகச் சொல்லவில்லை. இந்தப் பின்பாதி சதிக் கதைகளில் அநேகமாக வராது.

நேரக் கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. அந்தத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி சுடக் குறைந்தது 2.3 விநாடி ஆகும் என்றார்கள். ஆணையத்தின் கணக்கில் ஆஸ்வால்ட் சுட்டது மூன்று குண்டுகள். உடனே மூன்றால் பெருக்கி, அவருக்கு அத்தனை நேரம் இல்லை என்றுவிடுகிறார்கள். மூன்று குண்டுகளுக்கு நடுவே இருப்பது இரண்டு இடைவெளிதானே? முதல் குண்டு எப்போது வெடித்ததோ அப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

விசித்திரமாக இருப்பதையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. நல்ல வெயில் அடித்த அந்த மத்தியான நேரத்தில், அதிபரின் கார் கடக்கும்போது ஒருவர் கருப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தார். அவர் துப்பாக்கிக்காரருக்குச் சைகை காட்டினார் என்றார்கள். குடைக்குள் விஷ ஊசி எய்யும் கருவி இருந்தது என்றும் எழுதினார்கள். 1978-இல் அவரே, கொலையை மறுபடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார். கென்னடியின் தந்தை லண்டனில் தூதராக இருந்தபோது, ஹிட்லருடன் சமரசமாகப் போன பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர். சேம்பர்லின் என்றாலே கையில் குடைதான் நினைவுக்கு வரும். அதைக் குத்திக்காட்டத்தான் குடை பிடித்தாராம். இப்படி ஒரு காரணத்தை யாராலும் ஊகித்திருக்க முடியாது. எந்தக் கூட்டத்தையும் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் விளக்க முடியாத ஒருவராவது அகப்படுவார்.

சதிக் கதை எதைக் கேட்டாலும் முதலில் நேரவரிசையை எழுதிப் பாருங்கள். ஆஸ்வால்டைக் கொலைக்காகவே அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்த்தார்கள் என்பார்கள். அவர் வேலையில் சேர்ந்தது அக்டோபர் 16. ஊர்வலம் போகும் பாதை செய்தித்தாள்களில் வந்தது நவம்பர் 19.

அப்புறம் ஜாக் ரூபி. இரண்டு நாள் கழித்துக் காவல் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில் ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற இரவு விடுதி முதலாளி. தொலைக்காட்சியில் நேரலையாக நடந்த அந்தக் கொலையைப் பார்த்த யாருக்கும் வாயடைக்க வந்தவர் என்றுதான் தோன்றும். எனக்கும் இந்த வழக்கிலேயே நெருடலான இடம் இதுதான். ஆனால் அன்று காலை நடந்ததைப் பாருங்கள். ஆஸ்வால்டைக் காலை 10 மணி வாக்கில் வேறு சிறைக்கு மாற்றுவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போனது. கிளம்பும் நேரத்தில் ஆஸ்வால்ட் ஸ்வெட்டர் கேட்டார், அதற்கும் கொஞ்ச நேரம் போனது. அந்த வேளையில் ரூபி பக்கத்திலிருந்த வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தில் நின்று, தன்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 25 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தார். ரசீதில் விழுந்த முத்திரை 11.17. ஆஸ்வால்ட் சுடப்பட்டது 11.21. தன் நாயைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அனுப்பப்பட்ட கொலையாளி குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்து, அதற்குள் பண விடையும் அனுப்பியிருப்பாரா? ரூபிக்கு மாஃபியா ஆட்களோடு பழக்கம் இருந்தது உண்மை. அந்தப் பழக்கத்தைச் சதியாக்க வேண்டுமென்றால் இந்த நான்கு நிமிடத்துக்கும் பதில் வேண்டும்.

சாட்சிகள் வரிசையாகச் செத்துப்போனார்கள் என்ற கதையும் நெடுங்காலமாக ஓடுகிறது. 1967-இல் லண்டனின் சண்டே டைம்ஸ், அத்தனை பேர் மூன்று ஆண்டுக்குள் சாவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்டச் சுழியம் என்று ஒரு கணிப்பை வெளியிட்டது. பிறகு அந்தப் பத்திரிகையே நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதித் தவறை ஒப்புக்கொண்டது. மொத்த அமெரிக்க மக்கள்தொகையில் பெயர் குறிப்பிட்ட 15 பேர் சாவார்களா என்று காப்பீட்டுக் கணிப்பு நிபுணரிடம் கேட்டிருக்கிறார்கள். விசாரணையில் பெயர் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் யாரோ சிலர் சாவார்களா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? கடிதம் யாருக்கும் நினைவில்லை. கணிப்பு மட்டும் இன்றைக்கும் சுற்றுகிறது.

இதையெல்லாம் சொல்வதால் அரசு யோக்கியமாக நடந்துகொண்டது என்று அர்த்தமில்லை. சதிக் கதை பேசுபவர்கள் எல்லாரும் கிறுக்கர்கள் என்று ஒதுக்குவதும் தவறுதான். ஆஸ்வால்ட் கொலைக்கு முன்பே டல்லாஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் இறந்ததும் மேலதிகாரி சொன்னபடி ஓர் அதிகாரி அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். 1975 வரை இது வெளியே வரவில்லை. காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. மாஃபியாவோடு சேர்ந்து போட்ட திட்டங்களை வாரன் ஆணையத்திடம் யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் சி.ஐ.ஏ.வின் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸ் அந்த ஆணையத்திலேயே உறுப்பினர்! மக்கள் நம்பிக்கை இழந்ததற்கு முதல் பொறுப்பு இவர்களுடையது. ஆனால் ஏன் மறைத்தார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும். கண்காணிப்பில் இருந்த ஆளைக் கோட்டை விட்ட அவமானம், வெளியே சொல்ல முடியாத வேறு குற்றங்கள் என்று காரணங்கள் இருக்கலாம். மறைத்தார்கள் என்பதிலிருந்து கொன்றார்கள் என்பதற்கு ஒரே தாவாகத் தாவ முடியாது.

பாதி மேற்கோளிலும் கவனம் வேண்டும். 1979-இல் நாடாளுமன்றக் குழுவே சதி என்று சொல்லிவிட்டதே என்பார்கள். சொன்னது உண்மை, 'அநேகமாக' என்ற சொல்லோடு. அதற்குப் பெரிய ஆதாரம், காவல் மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒலிவாங்கி திறந்தே கிடந்ததால் பதிவானதாகச் சொல்லப்பட்ட ஒலி. அதில் நான்காவது வெடிச் சத்தம் இருக்கிறது என்றார்கள். 1982-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு அதே பதிவை ஆராய்ந்தது. வெடிச் சத்தம் என்று சொல்லப்பட்ட இடத்திலேயே, கொலைக்குச் சுமார் ஒரு நிமிடம் கழித்து மாவட்டக் காவல் தலைவர் பேசிய பேச்சு மெல்லியதாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தது. அப்படியானால் அந்தச் சத்தம் கொலை நடந்த நேரத்தில் பதிவானதே இல்லை. 1979 தெரிந்த பலருக்கு 1982 தெரியாது.

ஒரு பெயரைக் குற்றவாளியாக எழுதுமுன் கிளே ஷாவை நினைத்துக்கொள்ள வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரின் மதிப்புமிக்க தொழில் பிரமுகர். 1967-இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன், கொலைச் சதியில் பங்கு என்று அவரைக் கைது செய்தார். முக்கிய சாட்சி சொன்னதில் ஒரு பகுதி, மயக்க மருந்து கொடுத்தும் மனோவசியத்துக்கு உட்படுத்தியும் வாங்கியது. 1969-இல் நடுவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அவரை விடுதலை செய்தார்கள். கேரிசன் விடவில்லை, பொய்ச் சாட்சி சொன்னதாக உடனே அடுத்த வழக்கைப் போட்டார். 1971-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. 1974-இல் ஷா இறந்துபோனார். அவர் பெயர் இன்னமும் சதிகாரர் பட்டியல்களில் வந்துகொண்டிருக்கிறது. விடுதலைத் தீர்ப்பைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை.