டிசைன்ல புதுசா சேர்ந்த தம்பி தங்கச்சிக பண்ணக் கூடாத தப்புக

கோயமுத்தூர்ல டிசைன் இன்ஜினியரா சேர்றவங்க மொத ஒண்ணு ரெண்டு வருஷத்துல பண்ற தப்பு பெரும்பாலும் கணக்குல வர்றதில்லீங்க, ஸ்ட்ரெஸ் கணக்கு, சாஃப்ட்வேர் எல்லாம் பசங்க நல்லாவே பண்றாங்க. தப்பு வர்றது எங்கன்னா, ட்ராயிங்கை ஏசி ரூம்லயே முடிச்சு ரிலீஸ் பண்ணிட்டு, கீழ இறங்கிப் போய் மிஷின்ல நிக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விடறதுல. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனால மொதல்ல என் கதையவே சொல்லிடறேன்.

ஒரு ஃபிக்ஸ்சருக்கு (ஜாப்பை அசையாம புடிச்சுக்கற சாதனம்) அலுமினியம் பேஸ் பிளேட். டவல் பின், அதாவது எடம் மாறாம நிறுத்தற பின், போற ரெண்டு ஓட்டைக்கு நடுவுல 300 எம்எம், டாலரன்ஸ், அதாவது அளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கற வரம்பு, ±0.02ன்னு போட்டுட்டேன். சித்திரை மாசம், ஷாப்ல 36 டிகிரி இருக்கும். மிஷின்ல கரெக்டா வந்த ஜாப், 20 டிகிரில வெச்சிருக்கற சிஎம்எம் (அளவு பார்க்கற மிஷின்) ரூம்ல ராத்திரி பூரா வெச்சிருந்து காலைல பார்த்தா ரிஜெக்ட். அளவு எல்லாத்துக்கும் ரெஃபரன்ஸ் 20 டிகிரிதான், அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 23 மைக்ரான் நீளும், அப்ப 300 எம்எம்க்கு 16 டிகிரி வித்தியாசத்துல 0.11 எம்எம் சுருங்கிடும். மிஷினோட ஸ்கேலும் சூட்டுல நீண்டிருக்கும்தான், ஆனா இரும்பு அலுமினியத்துல பாதிதான் நீளும்ங்கறதால அதைக் கழிச்சாலும் 0.05க்கு மேல மிச்சம் நிக்கும். என் ±0.02 எப்படி நிக்கும்?

அந்த ஆபரேட்டர் மேல எல்லாரும் கோவப்பட்டாங்க, தப்பு அவரோடது இல்லவே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஆனா எடுத்துச் சொல்றதுக்கு அன்னிக்கு எனக்கு வாய் வரலை. அது இன்னும் மனசுல உறுத்துது. அடுத்த நாள் ஷாப் சூப்பர்வைசர் அண்ணன் ட்ராயிங்கை வாங்கிப் பார்த்துட்டு, "ஏனுங் தம்பி, ஒரு ஓட்டைய ரவுண்டா வெச்சுட்டு ரெண்டாவத நீளவாக்குல ஸ்லாட்டாப் போட்டா உங்களுக்கு ஆகாதுங்களா?"ன்னு கேட்டார். தாராளமா ஆகும். லொகேஷனை ரவுண்டு ஓட்டை புடிச்சுக்கும், திரும்பாம ஸ்லாட் பார்த்துக்கும், நடு தூரத்துக்கு ±0.1 கொடுத்தாப் போதும். ரெண்டு வருஷம் நாஞ்செஞ்ச வேலைல யாரும் சொல்லித் தராதது அது.

டாலரன்ஸ்ல இன்னொரு வியாதி, பழைய ட்ராயிங்ல இருந்து காப்பி பண்றது. கேபிள் போறதுக்கு வெச்ச 25 எம்எம் ஓட்டைக்கு ஹெச்7னு ஒரு டைட் டாலரன்ஸ் போட்டிருந்தத நான் பார்த்திருக்கேன். ஹெச்7னா அந்த சைஸ்ல மொத்தமே 21 மைக்ரான்தான், அதுக்கு போரிங் பண்ணோணும் இல்லைன்னா ரீமர் விடோணும், ஒவ்வொண்ணையும் கேஜ் போட்டு செக் பண்ணோணும், உள்ள போறதென்னவோ ஒரு கேபிள். தனியா டாலரன்ஸ் போடாத அளவுக்கெல்லாம் பொதுவான ஐஎஸ்ஓ 2768 மீடியம்னு கீழ ஒரு வரி எழுதியிருந்தா ±0.2ல சாதா ட்ரில் போதும். ஒவ்வொரு டைட் டாலரன்ஸுக்கும் பக்கத்துல "இது எதுக்கு?"ன்னு உங்களையே கேளுங்க, பதில் வரலைன்னா எடுத்துடுங்க.

பாக்கெட் கார்னர் அடுத்தது. 40 எம்எம் ஆழமான பாக்கெட்டுக்கு உள் கார்னர்ல ஆர்2, அதாவது 2 எம்எம் ரேடியஸ், போட்டா 4 எம்எம் எண்ட்மில் (சுத்தி வெட்டற டூல்) வேணும், விட்டத்தப் போல பத்து மடங்கு நீளம் வெளிய நீட்டிட்டு ஓடற டூல் அதிரும், சத்தம் போடும், உடையும். அதையே ஆர்5.5 ஆக்குங்க, 10 எம்எம் டூல் உள்ள போயி கார்னர்ல நிக்காம வளைஞ்சு வந்துடும். அஞ்சு இல்லாம அஞ்சரை எதுக்குன்னா டூல் ரேடியஸும் கார்னர் ரேடியஸும் ஒண்ணா இருந்தா அந்த இடத்துல டூல் ஒரு நொடி நின்னு திரும்பும், அங்கதான் சேட்டர் மார்க், அதாவது அதிர்வோட தடம், வரும்.

பிளைண்ட் டேப்பிங்குக்கும், அதாவது மறுபக்கம் தொறக்காத ஓட்டைல மரை போடறதுக்கும், இதே கவனம் வேணும். எம்6க்கு மரை 12 எம்எம், ட்ரில்லும் 12ன்னு போட்டுடறாங்க. டேப்போட நுனில முழு மரை இருக்காது, சிப் சேர்றதுக்கும் எடம் வேணும், அஞ்சாறு எம்எம் சேத்து ட்ரில் பண்ணச் சொல்லுங்க. இல்லைன்னா டேப் உள்ளயே ஒடிஞ்சு, அத எடுக்க ஜாப்பை ஸ்பார்க் மிஷினுக்கு (மின்பொறியால உலோகத்த அரிச்சு எடுக்கறது) அனுப்போணும்.

பிளேட்டிங்க மறக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது. 10 மைக்ரான் ஜிங்க் ஏறுனா ஓட்டை 20 மைக்ரான் சின்னதாகும், மேல சொன்ன ஹெச்7 மொத்தமும் அதுலயே போச்சு. 60 டிகிரி மரைல பிட்ச் டயாமீட்டர் (மரையோட நடு விட்டம்) பூச்சு தடிமன்ல நாலு மடங்கு, அதாவது 40 மைக்ரான் மாறும். அளவு பிளேட்டிங்குக்கு முன்னாடியா பின்னாடியான்னு ட்ராயிங்ல ஒரு வரி எழுதுங்க.

காஸ்டிங் பண்றவங்க, பம்ப் பாடி மாதிரி ஐட்டத்துல, மெல்லிசு சுவரும் தடிச்ச பாஸும் (போல்ட் போட மேடா விடற எடம்) திடீர்னு சேர்ற எடத்தப் பாருங்க. தடிச்ச எடம் கடைசியா உறையும், உலோகம் பத்தாம உள்ள ஓட்டை ஓட்டையா வரும், மிஷினிங் முடிஞ்சு பிரஷர் டெஸ்ட் போடறப்பத்தான் தண்ணி கசியும், அதுவரைக்கும் செலவழிச்சதெல்லாம் வீண். டிசைன் முடியறதுக்கு முன்னாடி பேட்டர்ன், அதாவது காஸ்டிங் அச்சுக்கான மாதிரி, செய்யறவரப் போய்ப் பாருங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பெரிய அலைச்சலும் இல்ல, கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ, அரசூர்னு வண்டிய எடுத்தா ஃபவுண்ட்ரியும் பட்டறையும் கண்ணு முன்னாடி இருக்கு, வேற பல ஊர் டிசைனருக்குக் கிடைக்காத வசதி இது, அத விட்டுட்டு ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்தா எனக்கு வருத்தமா இருக்கு.

மெட்டல் பவுடர உருக்கி அடுக்கடுக்கா பார்ட் செய்யற 3டி பிரிண்டிங் வந்ததுக்கப்புறம் "எந்த ஷேப்பும் வரும்"னு ஒரு நெனப்பு பரவிடுச்சு. வராது. படுக்கைமட்டத்துக்கு 45 டிகிரிக்குக் கீழ சாயற பரப்புக்குப் பொதுவா சப்போர்ட் வேணும், மூடுன குழிக்குள்ள பவுடர் மாட்டிக்கும், வெளிய வர வழி வெக்கோணும், பேரிங் உக்கார்ற எடத்துக்கு மிஷினிங் அலவன்ஸும் வெக்கோணும்.

வெளிநாட்டு கஸ்டமர் ட்ராயிங் வந்தா மொதல்ல புரொஜெக்‌ஷன் சிம்பலப் பாருங்க, மேல் பார்வை, பக்கப் பார்வையெல்லாம் எந்தப் பக்கம் வரையறதுங்கறத அது சொல்லும். அமெரிக்காவுல தேர்ட் ஆங்கிள், நமக்குப் பழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், மாத்திப் படிச்சா ஜாப் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி வந்துடும்.

கடைசியா ரிவிஷன். அவசரம்னு பிடிஎஃப்ப வாட்ஸப்ல அனுப்பிடறோம், அது ஆபரேட்டர் போன்ல கெடக்கும், ரிவிஷன் பி வந்தப்புறமும் ஏ பார்த்து ஜாப் ஓடிட்டிருக்கும். புது ரிவிஷன் விட்டா நீங்களே கீழ போயி, மிஷின் பக்கத்துல ஒட்டியிருக்கற பழைய பிரிண்ட்ட உங்க கையால எடுத்துட்டு வாங்க, போன்ல இருக்கறத அவர் முன்னாடியே அழிக்கச் சொல்லுங்க, அப்படியே என்ன மாறியிருக்குன்னு சிவப்புப் பேனால வட்டம் போட்டுக் காட்டிட்டு வாங்க.