பழைய பொருள் சேகரிக்கிறவங்க செய்யுற தவறுகள், முக்கியமா அந்த லேபிள்

போன வாரம் புதுசா சேகரிக்க ஆரம்பிச்ச ஒரு தம்பி பெட்டியைத் திறந்து காட்டினான். பானை ஓடு, மணி, கல் கருவி எல்லாம் ஒரே குவியலா கிடக்கு. எது எங்க எடுத்ததுன்னு கேட்டா "ஞாபகம் இருக்குண்ணே"ங்கறான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா ஆரம்பத்துல நானும் இதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

போலியை வாங்காதீங்க, சட்டம் தெரியாம தோண்டாதீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதை விட்டுடறேன்.

எடுத்த இடம் தெரியாம போறது

இன்னைக்கும் நினைச்சா எரிச்சல் வரும். அப்புறமா நான் எழுத ஆரம்பிச்சேன், ஆனா பால்பாயிண்ட் பேனாவால துண்டுப் பேப்பர்ல எழுதி பைக்கு வெளியில ஒட்டினேன், கழுவின ஓடு காயறதுக்குள்ள பையைக் கட்டி பரண்ல போட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு இறக்கிப் பார்த்தா பசை விட்டு, மை ஊறி, மூணு பையில எது எந்த மண்மேட்டுல எடுத்ததுன்னே தெரியல. அதுல ஒரு ஓட்டுல கீறின எழுத்து நாலு இருந்துச்சு. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். முதல் கேள்வியே "எங்க எடுத்தீங்க?" மூணுல ஏதோ ஒரு மேடுன்னேன். ஓட்டைத் திருப்பி என் கையிலயே வெச்சுட்டார். அந்த மூணுல ரெண்டு மேட்டை இப்ப மண் அள்ளி சமமாக்கிட்டாங்க, திரும்பப் போய்த் தேடவும் வழியில்ல.

இடம் எழுதி வெச்சா என்ன ஆகும்னு பாருங்க. ராபர்ட் புரூஸ் ஃபுட் நிலவியல்காரர், தொல்லியல் அவரோட உத்தியோகமே கிடையாது. 1863ல பல்லாவரத்துல ஆதிமனுஷனோட கல் கைக்கோடாரி எடுத்தவர், அதே வருஷம் இன்னொரு நிலவியல்காரர் வில்லியம் கிங்கோட சேர்ந்து திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்துல கல் கருவிகள் கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சார். இடம் பதிவாகி இருந்ததால பின்னாடி வந்தவங்க அங்கயே போய் தோண்டினாங்க, அந்தக் கருவிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க.

அதனால தண்ணியில கரையாத மையில எழுதின சீட்டை பைக்கு உள்ள போடுங்க. ஓட்டு மேலயும் சின்னதா நம்பர் போடுங்க, வேலைப்பாடு உள்ள பக்கமும் உடைஞ்ச ஓரமும் வேண்டாம். அதே நம்பர் நோட்டுலயும் இருக்கணும், எடுத்த அன்னைக்கே.

தேய்ச்சுக் கழுவறது

சமைச்ச பானை ஓட்டோட உள்பக்கத்தைத் தொடாதீங்க. ஒட்டியிருக்கற கரியும் ஊறின கொழுப்பும்தான் அதுல என்ன வெந்துச்சுன்னு சொல்லும்.

செப்புக்காசுக்கு புளி

வேண்டாம். எழுத்து போயிடும். வெளிர்பச்சையா பொடி உதிர்ந்தா அது உப்பும் ஈரமும் சேர்ந்து அரிக்கிறது, மத்த காசுல இருந்து பிரிச்சு ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

புதையல் தட்டுப்பட்டும் தோண்டிட்டே போறது

1992ல இங்கிலாந்துல ஹாக்ஸ்ன்ங்கற ஊர்ல தொலைஞ்ச சுத்தியலைத் தேடினவருக்கு ரோமானியப் புதையல் மாட்டுச்சு. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டார், மறுநாளே தொல்லியல்காரங்க வந்தாங்க. சுமார் 15,000 காசு. மண் முழுசா கலையாததால அது இருந்த மரப்பெட்டிக்குள்ள எதை எங்க அடுக்கியிருந்தாங்கன்னு கூட கண்டுபிடிக்க முடிஞ்சுது.