பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது என் மகளுக்குக் கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து தடித்தது. வாசனை லோஷனை நிறுத்தியதும் நான்கே நாளில் அடங்கியது. அன்றிலிருந்து முன்பக்கத்து 'மைல்டு', 'நேச்சுரல்' எதையும் நம்புவதில்லை. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறேன்.

முதலில் 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்'. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல ரசாயனங்கள் இருக்கலாம். கண்ணில் பட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். அப்புறம் 'மெத்தில்ஐசோதயசோலினோன்', கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம். ஒவ்வாமை தருவதால், கழுவாமல் தோலிலேயே விடும் கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இதைத் தடைசெய்துள்ளது. 'பாராபென்' என்று முடியும் பெயர்களையும் நான் தவிர்க்கிறேன், அவையும் கெடாமல் இருக்கச் சேர்ப்பவைதான். பவுடரே வேண்டாம், பறக்கும் தூளைக் குழந்தை மூச்சில் இழுத்துவிடும்.

புதிதாக வாங்கியதை முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுங்கள். சிவக்கவில்லையா? சரி, தடவலாம்.