துணிப் பொம்மைக்கு நூல் முடி: வகிடு முதல் சடை வரை

முகம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தலைமுடி சொதப்பினால் பொம்மை தேறாது. முன்பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். திருப்பினால் பின்மண்டையில் துணி பல்லிளிக்கும். நூல் போதவில்லை என்று நினைத்து அங்கே இன்னும் நாலைந்து இழைகளைச் செருகினால், அது திட்டாகத் தனியே தெரியும். நூல் எந்தக் கோட்டில் தைக்கப்படுகிறது, அந்தக் கோட்டைத் தவிர வேறு எங்கெல்லாம் தலையோடு பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் வழுக்கை விழுவதும் விழாததும்.

கீழே வரும் அளவுகள் 40 செ.மீ. உயரமும் 30 செ.மீ. தலைச்சுற்றளவும் உள்ள பொம்மைக்கு. சின்னப் பொம்மை என்றால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறையுங்கள். நூலின் பருமனையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில் கயிறு சுற்றியதுபோல் இருக்கும்.

முடிக்கு முந்தைய வேலை

கண், மூக்கு, வாய் மூன்றும் முதலில் முடிந்திருக்கட்டும். எம்பிராய்டரி நூலின் முடிச்சுகளை உச்சியிலோ பின்மண்டையிலோ கொண்டுபோய்ப் போட்டால், பிறகு முடி அவற்றை மூடிவிடும். முடி வைத்தபின் முகம் தைக்க உட்கார்ந்தால் முடிச்சை ஒளிக்க இடமே இருக்காது.

தலையில் பஞ்சு கெட்டியாக அடைந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் குழி நிற்கக் கூடாது. தளர்வான தலையில் ஒவ்வொரு தையலும் துணியை உள்ளே இழுக்கும். வகிடு நெடுகப் பள்ளம் விழும், நெற்றியும் கோணும்.

இன்னொரு வேலையைப் பொம்மையை வெட்டும்போதே செய்யலாம். பின்மண்டைத் துண்டை மட்டும் தோல் நிறத் துணியில் வெட்டாமல், முடியின் நிறத்துத் துணியில் வெட்டுங்கள். இழைகள் எங்காவது விலகினாலும் கண்ணில் படாது. தைத்து முடித்த பொம்மை என்றால், முடிக்கோட்டுக்குள் அடங்கும் பகுதிக்குத் துணிச்சாயம் பூசி நன்றாகக் காயவிடலாம். கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள்; சாயம் துணியில் பரவும்.

எந்த நூல், எவ்வளவு

சுமார் 2 மி.மீ. பருமனுள்ள அக்ரிலிக் உல்லன் நூல் முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்றது. லேசாக இருக்கும், துவைத்தால் சுருங்காது, நிறமும் நிறையக் கிடைக்கும். அடிக்கடி கை பட்டால் பிசிறு உருண்டு வரும் என்பது அதன் குறை. அசல் கம்பளி இன்னும் இயல்பாகப் படியும், ஆனால் வெந்நீரில் தேய்த்துத் துவைத்தால் திரண்டு சடைபிடித்துவிடும். பருத்தி நூல் கனமானது. நீளமான முடிக்கு அதைப் போட்டால் பொம்மையின் கழுத்து பின்னால் சாயும். குட்டை முடிக்குப் பிரச்சினை இல்லை.

சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறம் என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டுப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூல் வேண்டாம். முதல் துவைப்பிலேயே நெற்றியில் சாயம் இறங்கும், பிறகு எடுக்க முடியாது.

அளவைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். இரட்டைச் சடை என்றால் வகிடு முன்நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும். சுமார் 16 செ.மீ. வரும். ஒரு செ.மீ.க்கு 7 இழை, மொத்தம் 112 இழை. பக்கத்துக்கு 25 செ.மீ. நீளம் வைத்தால் ஓர் இழை 50 செ.மீ. ஆக, 56 மீட்டர். இந்தப் பருமனில் 50 கிராம் கண்டு ஒன்றில் பெரும்பாலும் 120 மீட்டருக்குக் குறையாமல் இருக்கும் என்பதால் ஒரு கண்டே போதும், மிச்சமும் வரும்.

விரித்துவிடும் முடிக்கு மட்டும் வகிட்டில் செ.மீ.க்கு 10 இழை வேண்டும். சடையில் இழைகள் எல்லாம் காதருகே ஓரிடத்தில் வந்து குவிவதால் தலை தானாகவே மூடிக்கொள்ளும். விரித்த முடி கீழே போகப்போக அகலும், அதனால் தொடக்கத்திலேயே நெருக்கம் தேவை. சடைக்கும் 10 இழை வைத்துவிடுவது பலர் செய்வது. சடை கட்டைவிரலைவிடத் தடித்து, காதுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

கோடு போடுவது

முகத்தை நேராகப் பார்த்தபடி, உச்சியிலிருந்து முன்பக்கம் 2.5 செ.மீ. கீழே ஒரு குண்டூசி குத்துங்கள். முன்முடி அங்கே தொடங்கும். கண் மட்டத்தில் இரு பக்கமும் காது வரும் இடத்தில் ஒவ்வொன்று. பின்னால் பிடரிக்குழியில், கழுத்துத் தையலுக்கு 1 செ.மீ. மேலே ஒன்று. இந்த நான்கையும் தண்ணீரில் அழியும் பேனாவால் வளைவாக இணைத்தால் முடிக்கோடு. முன் குண்டூசியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை போகும் கோடு வகிடு. கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத கோணல் அதில் தெரியும்.

பட்டை தயாரிப்பது

இழை இழையாகத் தலையில் தைப்பதைவிட, முதலில் எல்லா இழைகளையும் ஒரே பட்டையாகத் தைத்துக்கொண்டு அதைத் தலையில் வைப்பது சுலபம், உறுதியும் கூட.

25 செ.மீ. அகலத்தில் வளையாத அட்டை ஒன்றை எடுத்து, நூலை அதன் குறுக்கே 112 சுற்று சுற்றுங்கள். இழுத்துச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் நூல் நன்றாக நீளும். இறுக்கிச் சுற்றி வெட்டினால் 25 செ.மீ. என்று நினைத்தது 22 ஆகச் சுருங்கி நிற்கும். விரலுக்கும் கண்டுக்கும் நடுவே நூல் தொய்ந்தே இருக்கட்டும். சுற்றியதும் ஓர் ஓரத்தில் மட்டும் வெட்டி, மடிப்பு கலையாமல் விரியுங்கள்.

ஒரு டிஷ்யூ தாளில் 16 செ.மீ. நீளத்துக்கு நடுக்கோடு வரைந்து, இழைகளின் மடிப்பு அந்தக் கோட்டின் மேல் வருமாறு பரப்புங்கள். கோட்டிலிருந்து இரு பக்கமும் 3 செ.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டினால் இழைகள் நகராது. செ.மீ.க்கு ஏழு என்பதை இரண்டு மூன்று இடங்களில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிவது வழக்கம். அப்படியே தைத்தால் முன்நெற்றிதான் முதலில் வழுக்கை விழும், ஏனென்றால் ஓரத்து இழைகள்தான் அங்கே வருகின்றன.

மேலே இன்னொரு டிஷ்யூ தாள் நாடாவை வைத்து, நடுக்கோட்டின் மேல் மெஷினில் 2 மி.மீ. தையல் இரண்டு முறை ஓட்டுங்கள்; இரு முனையிலும் பின்னோக்கி ஓட்டிப் பூட்டுங்கள். மேல் தாள் இல்லாவிட்டால், மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் மூக்கில் நூல் மாட்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தையல் 4 மி.மீ. என்று நீண்டால் இழைகள் உருவிக்கொள்ளும். ஒரு மி.மீ. என்று குறுகினால் பாதி வழியிலேயே தாள் கிழிந்துவிடும். முடிந்ததும் தையலை விரலால் அழுத்திக்கொண்டு தாளைப் பிய்த்தெடுங்கள். டேப்பை இழை ஓடும் திசையிலேயே உரியுங்கள், குறுக்கே உரித்தால் பிசிறு கிளம்பும்.

மெஷின் இல்லையென்றால் கையால் பேக் ஸ்டிச் (ஒவ்வொரு தையலிலும் ஊசி ஓர் அடி பின்னால் போய் முன்னே வரும் தையல்) போடலாம். ஒரு தையலில் இரண்டு மூன்று இழைக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

தலையில் தைப்பது

பட்டையின் ஒரு முனையை முன் குண்டூசியிலும், மறு முனையைப் பிடரியிலும், பிறகு நடுவை உச்சியிலும் குத்துங்கள். முன்னாலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் பட்டை நீண்டு, பிடரியில் ஒரு செ.மீ. மிஞ்சும்.

முடியின் நிறத்திலேயே உறுதியான பாலியஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்து, மெஷின் தையலின் மேலேயே பேக் ஸ்டிச் போடுங்கள். மேலே தெரிவது 3 மி.மீ. இருந்தால் போதும். ஊசி துணியை மட்டும் கிள்ளாமல், கொஞ்சம் பஞ்சையும் வாரிக்கொண்டு வர வேண்டும். துணியை மட்டும் பிடித்த தையல், குழந்தை முடியைப் பிடித்துத் தூக்கும் முதல் நாளே துணியில் ஓட்டை போடும்.

இத்தோடு நிறுத்திவிடுவதால்தான் பெரும்பாலான பொம்மைகளுக்கு வழுக்கை விழுகிறது. வகிட்டில் மட்டும் பிடித்த முடி, பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தால் கதவுபோல் இரு பக்கமும் திறந்துகொள்ளும். எனவே ஒரு பக்கத்து முடியின் மேல்பாதி இழைகளைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டு கிளிப் மாட்டுங்கள். அடிப்பாதி இழைகளை முடிக்கோடு வரை சீவிப் பரப்பி, கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே, இரண்டு மூன்று இழைக்கு ஒரு தையல் வீதம் தலையோடு பிடித்துக்கொண்டே போங்கள். நெற்றியிலிருந்து காது, காதிலிருந்து பிடரி. பிறகு மேல்பாதியை இறக்கிவிட்டால் தையல் மறைந்துவிடும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்த தலை பல வருடம் கலையாது.

இப்போது காதருகே முடியைத் திரட்டி அதே நூலால் மூன்று சுற்று சுற்றிக் கட்டுங்கள். 12 செ.மீ. நீள ஊசியை ஒரு கட்டிலிருந்து தலைக்குள் செலுத்தி எதிர்க்கட்டில் எடுத்து, திரும்பவும் கொண்டுவந்து லேசாக இழுத்து முடிச்சிடுங்கள். கட்டு தலையோடு ஒட்டி உட்காரும். அதிகம் இழுத்தால் கன்னம் குழியும். சடை பின்னி, நுனியில் கட்டிய நூலையும் ஊசியால் சடைக்குள் இரண்டு முறை ஓட்டுங்கள். வெறும் முடிச்சு நழுவும்.

விரித்த முடிக்கு வகிடு உச்சியைத் தாண்டி, முன் குண்டூசியிலிருந்து 11 செ.மீ.யில் நிற்கும். அதற்கு முன்பே பிடரிக்கோட்டில் 12 செ.மீ. அகலத்தில் ஒரு குட்டைப் பட்டையைக் கிடைமட்டமாகத் தைத்துவிட வேண்டும். பட்டைக்கு இழையின் நீளம் 32 செ.மீ.; இரண்டாக மடிந்து 16 செ.மீ. தொங்கும். மேல்முடி இதன்மேல் விழும்போது இரண்டின் நுனியும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும்.

நெற்றி முடி வேண்டுமென்றால் 6 செ.மீ. அகலத்தில் தனிப் பட்டை, இழை 10 செ.மீ. இதைப் பெரிய பட்டைக்கு முன்னால் தைத்துவிட வேண்டும். பிறகு செருகினால் தையல் வெளியே தெரியும். கத்தரிப்பதைக் கடைசியில் செய்யுங்கள். கத்தரியைக் கிடையாகப் பிடிக்காமல் நுனி மேல்நோக்கி இருக்கச் சிறுசிறு வெட்டாக வெட்டினால் நேர்க்கோடு விழாது.

வேறு வகைகள்

ஆண் பொம்மைக்கும் குட்டைச் சுருள் முடிக்கும் பட்டை தேவையில்லை. பெரிய கண் ஊசியில் நூலைக் கோத்து, விரலில் சுற்றி 2 செ.மீ. வளையம் விட்டு, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பேக் ஸ்டிச் போட்டுப் பூட்டுங்கள். பிடரியில் தொடங்கி 8 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து இறங்கினால் போட்ட வளையங்களே ஊசிக்குக் குறுக்கே நிற்கும்.

குரோஷே தெரிந்தவர்கள் 3.5 மி.மீ. ஊசியில் ஒரு தொப்பி பின்னி, அதன் கண்ணிகளில் இழைகளை மடித்து முடிச்சிடலாம். ஓரத்து மூன்று சுற்றுகளில் கண்ணி தவறாமல், உள்ளே ஒன்று விட்டு ஒன்று. எல்லாக் கண்ணியிலும் போட்டால் தலை ஒரு சுற்று பெருத்துவிடும், நூலும் ஏராளமாகத் தின்னும்.

கைக்குழந்தைக்கான பொம்மையில் தொங்கும் இழையே வேண்டாம். நீள இழைகள் பிஞ்சு விரலில் சுற்றி இறுகும், வாயிலும் போகும். உச்சியிலிருந்து முடிக்கோடு வரை நீளத் தையல்களாக நெருக்கி எம்பிராய்டரி செய்துவிடுங்கள். கிளிப், மணி எதுவும் கூடாது.

பசை பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த பசையில் ஊசி இறங்காது, நாளாக ஆக மஞ்சளிக்கும், துவைத்தால் உரியும். தைக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படாது.

துவைக்கும்போது விரித்த முடியைத் தளர்வாகப் பின்னிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி எடுங்கள். பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் காயவையுங்கள். அக்ரிலிக் முடியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை பளபளத்துத் துவண்டுபோகும், திரும்ப வராது. சிக்கு விழுந்தால் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே போங்கள். முறுக்கு அவிழ்ந்து பூத்த நுனியை மட்டும் 5 மி.மீ. கத்தரித்தால் போதும். மிச்சமான நூலை எடுத்து வையுங்கள். பின்னால் ஓர் இழை பிய்ந்துபோனால் அதே சாயத்தில் நூல் கிடைப்பது அரிது.