இரண்டாம் வருஷப் பையன்களில் யாரை எடுப்பது? என்எஃப்எல் பேண்டஸி லீக்குக்கு ஒரு பேரேட்டுக் கணக்கு

என்எஃப்எல் என்றால் அமெரிக்கக் கால்பந்து லீக். பேண்டஸி லீக்கில் அதன் நிஜ ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக ஆளுக்கொருவராக எடுத்து (இதுதான் லீக் டிராஃப்ட்) நம் அணியைக் கட்டுவோம்; களத்தில் அவர்கள் ஆடுவதுதான் நமக்குப் புள்ளி. பங்காளிகள் பன்னிரண்டு பேர், பாதி டல்லாஸிலும் பாதி காரைக்குடியிலுமாக இருந்துகொண்டு லீக் ஆடும்போது, முதல் மூன்று சுற்றில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆறாம் சுற்றுக்கு மேல் யாரை எடுக்கிறீர்கள் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. அங்கே தேட வேண்டியது, போன வருஷம் அணிக்கு வந்து, பெயர் இன்னும் ஏறாமல், வேலை மட்டும் ஏறப்போகிற ஆட்டக்காரர்களை.

ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், முதல் வருஷம் அவருக்குக் கிடைத்த வேலை. வலப்பக்கம், இந்த வருஷம் அவரைச் சுற்றி மாறியது. எத்தனை யார்டு ஓடினார் என்பதை இப்போதைக்கு எழுதவே வேண்டாம். பலரும் சறுக்குவது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இடப்பக்கத்துக்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று ஸ்னாப் விகிதம்: அணி ஆடிய 100 ஸ்னாப்பில், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த தடவைகளில், அவர் களத்தில் இருந்தது எத்தனை. இன்னொன்று, வீசிய பந்தைப் பிடிக்கிற ரிசீவருக்கும், பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்கிற டைட் எண்டுக்கும் டார்கெட், அதாவது அவரைக் குறிவைத்து வீசிய பந்துகள். ரன்னிங் பேக் என்றால் கையில் வாங்கி ஓடிய தடவைகளும் சேர்த்து. இரண்டும் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 17 ஆட்டங்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். முதல் 8 தனி, கடைசி 9 தனி. முன்பாதியில் 40 சதவீதம், பின்பாதியில் 70 என்றால் கோச்சுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். சராசரி சுமார் 56 என்று காட்டி அதை மறைத்துவிடும்.

குறைந்த வேலையில் பெரிய எண் காட்டியவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மயாமியின் டெவான் ஏசேன் 2023-ல் 103 தடவை ஓடி 800 யார்டு எடுத்தார்; தடவைக்கு 7.8. மறு வருஷம் 203 தடவை, 907 யார்டு, தடவைக்கு 4.5தான். வேலை இரட்டித்தது, வட்டி விகிதம் இறங்கிவிட்டது. ஆனாலும் அந்த வருஷம் 78 பந்துகளைப் பிடித்ததால் அவரை வைத்திருந்தவர்களுக்கு நஷ்டமில்லை.

வலப்பக்கம்தான் முக்கியம். முதல் கேள்வி: யார் இடம் காலி? பஃபலோவின் ஜேம்ஸ் குக் 2022-ல் 89 தடவைதான் ஓடினார். 2023 மார்ச்சில் முதன்மை ரன்னிங் பேக் டெவின் சிங்கிள்டரி ஹூஸ்டனுக்குப் போனார். அந்தப் பருவத்தில் குக் 237 தடவை ஓடி 1,122 யார்டு எடுத்தார். பையன் மாறவில்லை, முன்னால் நின்றவர் நகர்ந்தார். அரிசோனாவின் டைட் எண்ட் ட்ரே மெக்பிரைடு கதையும் இதுவே: 2022-ல் 265 யார்டு, 2023 நடுவில் அவருக்கு முன்னால் நின்ற ஸாக் எர்ட்ஸ் காயப்பட்டு ஒதுங்க, பருவ முடிவில் 81 பந்து, 825 யார்டு.

ஆக, மார்ச் நடுவில், ஒப்பந்தம் முடிந்தவர்கள் அணி மாறுகிற சந்தை திறந்ததும் போனவர்கள் பட்டியலை எழுதுங்கள். ஏப்ரல் கடைசியில், அணிகள் புதுமுகங்களை எடுக்கிற என்எஃப்எல் டிராஃப்ட் முடிந்ததும் திரும்பப் பாருங்கள். காலியான இடத்துக்கு முதல் இரண்டு சுற்றில் அணி வேறொருவரை எடுத்திருந்தால் உங்கள் ஆள் பெயரை அடித்துவிடுங்கள். இந்த இரண்டாம் பார்வையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பந்தை வீசுகிற குவாட்டர்பேக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர் இடத்துக்குப் போட்டி பெரும்பாலும் இருக்காது. அவருக்குப் பார்க்க வேண்டியது கோச்சும், முன்னால் நின்று காக்கிற ஐந்து பேரும். ஜாரெட் காஃப் 2016-ல் ஆரம்பித்த 7 ஆட்டத்திலும் தோல்வி. 2017-ல் ஷான் மெக்வே கோச்சாக வந்தார், இடப்புறம் காக்க ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார். அதே காஃப் எல்லைக்கோட்டைத் தாண்டவைத்த டச் டவுன் 28, எதிரணி கையில் சிக்கிய இன்டர்செப்ஷன் 7தான். எதிர்க்கதை சி.ஜே. ஸ்ட்ரவுட். 2023-ல் 5 இன்டர்செப்ஷன் மட்டும் கொடுத்தவர், 2024-ல் 12 கொடுத்தார், 52 தடவை சாக் வாங்கினார், அதாவது வீசும் முன்பே எதிரணியிடம் மடங்கி விழுந்தார். காவல் வரிசை ஓட்டையானால் கையில் எவ்வளவு திறமை இருந்தும் வீசுவதற்கு நேரம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. சிராவயல் பொட்டலில் முதல் தடவை அவிழ்த்துவிடும் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. மறு வருஷம் பிடிக்கிறவன் பார்த்து வைத்திருப்பான். முதல் வருஷம் கொடிகட்டிப் பறந்த குவாட்டர்பேக்கின் வீடியோவை எல்லா அணியும் கோடை முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கும். அவரை அதிக விலைக்கு எடுக்க வேண்டாம்.

ரிசீவருக்கு ஒரு எளிய உரைகல்: எடுத்த யார்டை, ஓடிய ரூட்டால், அதாவது பந்து வரும் என்று ஓடிய தடவைகளால், வகுக்க வேண்டும். 300 ரூட், 600 யார்டு என்றால் 2. முதல் வருஷத்திலேயே 2-ஐத் தொட்டவர் நல்ல கை. தொடாததால் மட்டும் தள்ளவும் கூடாது. சியாட்டிலின் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா முதல் வருஷம் மூத்த ரிசீவர்கள் மெட்காஃபுக்கும் லாக்கெட்டுக்கும் பின்னால் நின்று 628 யார்டுதான் எடுத்தார். அடுத்த வருஷம் 100 பந்து, 1,130 யார்டு.

தடுப்பாட்டக்காரர்களையும் எடுக்கிற லீக் என்றால் 'ஸ்டார்ட்டர்' பட்டத்தை நம்பாதீர்கள். மினசோட்டாவின் டேனியல் ஹண்டர் 2016-ல் ஒரு ஆட்டம்கூட ஆரம்ப அணியில் இறங்காமல் 12.5 சாக் எடுத்தார்.

ஆகஸ்ட் பயிற்சி முகாமிலிருந்து வரும் 'உடம்பை ஏற்றிவிட்டார்', 'பறக்கிறார்' செய்திகள் ஊறுகாய்க்குக்கூட உதவாது. முதல் அணியோடு நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பயிற்சி ஆட்டத்தில் நட்சத்திரங்களோடு இவரையும் உட்கார வைத்தால் நல்ல சகுனம். நாலாம் குவார்ட்டரில் ஓடவிட்டால், எத்தனை டச் டவுன் போட்டாலும் விட்டுவிடுங்கள்.

லீக் டிராஃப்ட் அங்கே கிழக்குக் கரையில் இரவு 8 என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30. பெயர்களை முந்தின ராத்திரியே வரிசைப்படுத்தி ஆப்பில் ஏற்றிவிடுங்கள்; கரண்ட் போனாலும் அது தானாக எடுக்கும். இரண்டாம் வருஷக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மூவரும் சேர்ந்து சறுக்கினால் பெஞ்ச் காலி.

மூன்று வாரம் ஆனதும் நோட்டைத் திறந்து ஸ்னாப் விகிதத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள். 60-க்கு மேல் இருந்தும் யார்டு வரவில்லையா, வைத்திருங்கள். 40-க்குக் கீழே என்றால், ஒரு நீளமான டச் டவுன் போட்டிருந்தாலும் விட்டுவிட்டு வேறு ஆளைக் கேளுங்கள். திங்கள் ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலையில் முடியும். பெரும்பாலான லீக்குகளில், யாரும் எடுக்காத ஆட்டக்காரர்களைக் கேட்டவர்களுக்கு அங்கே புதன் அதிகாலையில்தான் ஆள் ஒதுக்குவார்கள். செவ்வாய் ராத்திரி படுக்கும் முன் விண்ணப்பம் போட்டால் போதும்.